நெய்தல் முதல் குறிஞ்சி வரை

குறிஞ்சி முதலிய ஐந்து திணைகளையும் நூலிற் படித்தறிந்தோர் பலர். அவற்றை மூன்று நான்கு நாள்களில் வண்டியேறிக் கடந்து கண்டறிந்தோர் தூத்துக்குடிக் கடற்கரை மக்கள். ஆடி அமாவாசை நெருங்கும்போது அவர்கள் பானை சட்டிகளுடன் புறப்பட்டு, பொருநை என்னும் தாமிரபரணியாற்றின் கரையோடு மேற்கே சென்று, அவ்வாறு மலையை விட்டு இறங்கும் காரையாற்றுக் காட்டில் சொரிமுத்து அய்யனார் கோயிலருகே குடில் கட்டித் தங்குவர். கடலில் தொடங்கி மலையில் முடியும் இப்பயணம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் உடையது. இன்று பேருந்திலும் வேனிலும் ஒரே நாளில் சென்றுவிடலாம். வண்டி மாட்டைத் தவிர வேறு துணையில்லாத காலத்தில் அது ஒரு சிறு குடிபெயர்ச்சியாகவே இருந்தது.

கூடாரத்தில் தங்கி வாழ்வது முத்துக்கரை மக்களுக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடைபெற்ற நாள்களில், கடல் அமைதியாக இருக்கும் பங்குனி சித்திரைத் திங்கள்களில், வெறும் மணல்வெளியில் ஓலைக் குடிசைகளால் ஆகிய ஓர் ஊரே எழும். குளிப்போர், தோணிக்காரர், வணிகர், சுறாவை மந்திரத்தால் விலக்குவதாக நம்பப்பெற்ற கடல்கட்டி, சோறு விற்போர், காவலர் எனப் பல்லாயிரவர் அங்கே கூடுவர். ஏலம் முடிந்து சிப்பி அழுகி முத்து எடுபட்டபின், அவ்வூர் இருந்த சுவடே தெரியாமல் மறையும். தூத்துக்குடிக்கருகே 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த சலாபங்களே கடைசியானவை. முத்துப் பார்களில் போதிய சிப்பி தேறாமையால் பின்னர் அத்தொழில் நடைபெறவில்லை. 1986இல் அக்கடலில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீர்ப்பரப்பும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. எனவே கடற்புறத்துக் கூடார ஊர் கதையாயிற்று. மலைப்புறத்துக் கூடார ஊர் மட்டும் ஆண்டுதோறும் எழுகின்றது.

பழைய பயண வண்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இன்றைய மாணவருள் அதனைக் கண்டோர் சிலரே. இரட்டை மாடு பூட்டிய வண்டியின்மேல் மூங்கிற் பட்டைகளை வளைத்துக் கட்டி, அதன்மேல் பாய் வேய்ந்தால் கூண்டு ஆகும். உள்ளே வைக்கோலைப் பரப்பிச் சமுக்காளம் விரித்தால் மெத்தை வேண்டியதில்லை. அரிசி, புளி, உப்பு, கருவாடு, உடன்குடிக் கருப்பட்டி ஆகியன ஒரு மூட்டை. மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புல்லும் மற்றொரு மூட்டை. வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கும் தண்ணீர்க் குடமும் தொங்கும். அச்சுக்கு இடும் வண்டி மை அடங்கிய மூங்கிற் குழாயும் உடன் இருக்கும். முதியோரும் குழந்தைகளும் உள்ளே இருப்பர், இளைஞர் நடப்பர். மாடு களைத்த இடத்தில் வண்டியை அவிழ்த்து, நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினால், அதுவே அன்றிரவுக்கு வீடு. மேலைநாட்டார் கேரவன் என்றழைக்கும் வீட்டு வண்டி இதனினும் வசதி மிக்கது. ஆயினும் இனத்தால் இதற்கு உறவே ஆகும்.

தூத்துக்குடியை விட்டுத் தெற்கு நோக்கிச் செல்வோருக்கு முதலில் காட்சி தருவன உப்பளங்கள். அவற்றைக் கடந்து பழையகாயலை அடைந்தால் ஆற்றின் முகத்துவாரம் அருகில் உள்ளது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் துறைமுகம் இப்பகுதியைச் சேர்ந்ததே. அதற்கு மேற்கே கொற்கை. பாண்டியரின் முத்துத் துறையாகப் புகழ்பெற்ற அவ்வூரில் இன்று அலையோசை கேளாது. ஆறு கொணர்ந்த மண் கடலைப் பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. துறைமுகம் இருந்த ஊரில் இப்போது குளமும் நெல்வயலும் வாழைத்தோட்டமும் உள்ளன. நெய்தல் மருதமாகத் திரிந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்திலிருந்து புறப்படுவோர் வேறொரு நிலத்தையும் காண்பர். அதுவே தேரி. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்றும், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த வடிவமே பாலை என்றும் கூறுவர். அங்ஙனம் கூறுவோர் குதிரைமொழித் தேரியை ஆடித் திங்களில் ஒருமுறை கடந்து பார்த்தல் நலம். இரும்புத் துருவின் நிறம் ஏறிய செம்மணல் மேடுமேடாகக் குவிந்து கிடக்கும். தென்மேற்குக் காற்று அம்மணலை வாரி வீசும். நேற்று இருந்த தடம் இன்று இராது. இறுகிய மணலை மழைநீர் அறுத்து, செங்குத்தான கரைகளையுடைய ஓடைகளாக்கிய இடங்களும் உண்டு. பனையும் உடையும் முந்திரியுமே அங்கு நிழல் தருவன. வண்டிச் சக்கரம் புதையும் என்பதால் இவ்வெளியைப் பகலிற் கடப்பதில்லை, நிலவில் கடப்பர். இத்தேரிகளில் மிகப் பழங்கால மாந்தர் செய்த சிறு கற்கருவிகள் கிடைத்துள்ளன. ஆகவே அங்கே இராத் தங்கிய முதல் மனிதர் வண்டிக்காரர் அல்லர் என்பது உறுதி. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே அச்செம்மணலிடையே ஒரு சுனை உள்ளது. மணற்காட்டில் நீர் கண்ட இடத்தைத் தெய்வம் காக்கும் இடமாக மக்கள் கொண்டது இயல்பே.

தேரியை விட்டு இறங்கினால் கடம்பாகுளம். வெம்மணலில் வந்த மாடுகள் நீரின் மணத்தை அறிந்து தாமே விரையும். திருவைகுண்டம் அணையிலிருந்து தென்கால் வழியாக வரும் ஆற்றுநீர் இக்குளத்தை நிரப்புகின்றது. வடகால் நீர் தூத்துக்குடிக்கு அருகேயுள்ள கோரம்பள்ளம் குளம் வரை செல்லும். குளக்கரையின் மருத நிழலில் வண்டிகளை வரிசையாக அவிழ்த்து, மூன்று கல் கூட்டி உலையேற்றி, கரையில் படுத்துறங்குவதே இப்பயணத்தின் இனிமையான இரவு என்று முதியோர் கூறுவர். கொசுக்கடியை அவர்கள் கூறுவதில்லை.

அங்கிருந்து ஆறே வழிகாட்டி. ஆதிச்சநல்லூரின் தாழிக்காடு வழியருகே உள்ளது. அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதல் சில ஆண்டுகள் அதனை அகழ்ந்து ஆராய்ந்தார். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடலை நோக்கி வருகையில் எட்டாவது திருவைகுண்டம். பயணிகளோ எட்டாவதிலிருந்து முதலாவதற்குச் செல்கின்றனர். நெல்லையையும் அம்பாசமுத்திரத்தையும் கடந்து பாபநாசத்தை அடைந்தால் சமவெளி முடிகின்றது. வண்டிகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதன்மேல் மலைப்பாதை.

மலைக்குள் ஆறு வேறொரு குரலிற் பேசும். பாறைகளின் இடுக்கில் புகுந்து, அருவியாக வீழ்ந்து, பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு பாயும். 1940களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பெற்ற பாபநாசம் அணை காரையாற்றில் அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. 143 அடி வரை நீர் தேங்கும் அவ்வேரியைச் சுற்றிலும் மலையும் காடுமே. அணைக்குக் கீழே, ஆற்றங்கரைக் காட்டில் சொரிமுத்து அய்யனார் கோயில் கொண்டுள்ளார். சங்கிலி பூதத்தார், பட்டவராயர் முதலிய தெய்வங்களும் அங்கே உண்டு. பட்டவராயருக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாக்குவர். அந்தண குலத்திற் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாடுகளைக் காக்கும் போரில் உயிர் நீத்த முத்துப்பட்டனின் கதை வில்லுப்பாட்டாகத் தென்பாண்டி நாடெங்கும் வழங்குகின்றது. அவனே பட்டவராயர். குலப்பெருமை பேசுவோர் அக்காணிக்கையின் பொருளை எண்ணிப் பார்ப்பாராக.

அமாவாசைக்கு முன்னரே ஆற்றங்கரை நெடுகிலும் குடில்கள் எழும். கம்பு நட்டு, குறுக்கே கழி கட்டி, ஓலையோ தார்ப்பாயோ போர்த்தினால் குடில் ஆயிற்று. ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒவ்வோரிடத்தைத் தம் பாட்டன் தங்கிய இடம் என்று உரிமை பாராட்டுவர். பக்கத்துக் குடிலில் உப்பு இல்லையெனில் இக்குடிலார் கொடுப்பர். அங்குப் பொங்கல் பொங்கினால் இங்குக் குலவை கேட்கும். அமாவாசையன்று முன்னோர்க்கு நீர்க்கடன் செய்து, பூக்குழி இறங்குவோரைக் காணக் கூட்டம் நெருக்கும். சிங்கம்பட்டிச் சமீன்தார் அரசவுடை தரித்து வந்தமர்ந்து மக்களுக்குக் காட்சி தருவது நெடுநாள் வழக்கம். அவ்வாறு காட்சி தந்த முருகதாசு தீர்த்தபதி 2020இல் மறைந்தார்.

ஆடித் திங்கள் தென்மேற்குப் பருவ மழையின் காலமாகும். கோயிலருகே வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் பெய்த மழையால் ஆறு திடுமென உயர்தல் உண்டு. ஆகவே பட்டறிவுடையோர் கரையை ஒட்டிக் குடில் இடுவதில்லை.

இனி, இப்பயணத்தைப் பற்றி எழுந்துள்ள வழக்கைக் காண்போம். கோயிலைச் சூழ்ந்த காடு முண்டந்துறைக் காடாகும். அது 1962இல் புலிகள் காப்பிடமாகவும், 1988இல் களக்காட்டுக் காட்டுடன் இணைந்து தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. புலியும் யானையும் சிங்கவால் குரங்கும் அதன் குடிகள். காணி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றனர். பல்லாயிரம் மக்கள் பல நாள் தங்கி, குடிலுக்குக் கம்பு வெட்டி, இரவெல்லாம் தீ மூட்டி, ஒலிபெருக்கி வைத்தால் விலங்குகள் எங்கே செல்லும் என்று வனத்துறையினர் வினவுகின்றனர். அதனால் தங்கும் நாள்கள் குறைக்கப்பெற்றன. நெகிழிப் பைகள் சோதனைச் சாவடியில் தடுக்கப்பெறுகின்றன. அண்மை ஆண்டுகளில் தனியார் ஊர்திகளை அடிவாரத்தில் நிறுத்தி, அரசுப் பேருந்துகளில் மக்களை ஏற்றிச் செல்லும் ஏற்பாடும் வந்துள்ளது. மக்களோ, காப்பகம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே கோயில் தோன்றியது. எங்கள் குலதெய்வத்தினிடம் செல்ல யாரிடம் நாள் கேட்பது என்று மறுமொழி கூறுகின்றனர்.

இரு திறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் நாட்கணக்கைப் பற்றிய வாதத்தில் பொருட்கணக்கு மறக்கப்படுகின்றது. கூண்டு வண்டியில் வந்தோர் பத்து நாள் தங்கியபோதும் விட்டுச் சென்றவை எவை? சாம்பல், வாழையிலை, உடைந்த மண்சட்டி, ஓலை. இரண்டு மழையில் அவை மண்ணாயின. இன்று ஒரே நாள் தங்கிச் செல்வோர் விட்டுச் செல்லும் நெகிழியும் சவர்க்காரப் பொட்டலமும் இரண்டு தலைமுறையிலும் மண்ணாகா. பாபநாசத்தில் நீராடிப் பழந்துணியை ஆற்றில் விட்டால் பாவம் நீங்கும் என்று எண்ணுவோரும் உளர். அத்துணிகளை வண்டி வண்டியாக வாரி வெளியேற்ற வேண்டியுள்ளது. பாவம் நீங்கியதோ அறியோம், துணி நீங்கவில்லை.

அமெரிக்க நாட்டில் விடுமுறை வந்தால் குடும்பத்தோடு வீட்டு வண்டியில் ஏறி, ஏரிக்கரைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் அமைந்த மாநிலப் பூங்காக்களில் தங்குவது பெருவழக்கம். டெக்சாசு மாநிலத்தின் பாலோ டூரோ பள்ளத்தாக்கு 1934இல் அத்தகைய பூங்காவாகத் திறக்கப்பெற்றது. அதன் செந்நிறச் சுவர்களைத் தேரியைக் கண்ட கண் எளிதில் இனங்காணும். அங்கெல்லாம் வண்டி நிற்கும் இடத்திற்கு எண் உண்டு. தீ மூட்டும் இடம் வரையறுக்கப்பட்டது. வண்டிக்குள் சேர்ந்த கழிவுநீரைக் கொட்டுதற்கெனத் தனித் தொட்டி உண்டு. வேறெங்கும் கொட்டுதல் குற்றம். அவர்களுடைய பயணத்தில் தெய்வம் இல்லை; தொட்டி இருக்கின்றது. நம் பயணத்தில் இரண்டும் இருத்தல் இயலாததன்று.

இதில் தூத்துக்குடி மக்களுக்குத் தனிப்பட்டதொரு தொடர்பும் உண்டு. அந்நகருக்குக் குடிநீர் தருவது தாமிரபரணியே. வல்லநாட்டுப் பகுதியில் ஆற்றிலிருந்து எடுக்கப்பெறும் நீர் குழாய்களின் வழியே கடற்கரை நகரை அடைகின்றது. எஞ்சிய நீர் மருதூரையும் திருவைகுண்டத்தையும் தாண்டிப் புன்னைக்காயலில் கடலிற் கலக்கின்றது. காரையாற்றில் கழுவிய பாத்திரத்தின் நீர், கழுவியவர் வீட்டுக் குழாய்க்கே வரக்கூடும் என்பது மிகைக் கூற்றன்று.

அமாவாசை கழிந்த மறுநாள் குடில்கள் பிரிக்கப்படுகின்றன. சில குடும்பத்தார் கம்புகளைக் கட்டிப் பேருந்தின்மேல் ஏற்றிக் கொள்கின்றனர். அடுத்த ஆண்டுக்கு வெட்ட வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் தொண்டர்களும் துப்புரவுப் பணியாளரும் சாக்குப் பைகளுடன் கரையில் நடந்து, எஞ்சியவற்றைப் பொறுக்குகின்றனர். பேருந்துகள் வளைந்து வளைந்து இறங்குகின்றன. இடப்புறத்தும் வலப்புறத்தும் மாறி மாறி ஆறு தோன்றுகின்றது. மாலையில் உப்பங்காற்று முகத்தில் படும்போது, உறங்கிய குழந்தைகள் விழித்து, ஊர் வந்ததா என்று கேட்கின்றனர்.