கறுப்பு மருதோன்றி தந்த பாடம்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று தோழியர் எல்லோரும் கைகளை நீட்டி மருதோன்றியின் அழகைக் காட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் என் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாட்களுக்கு முன் பூசிய கோலம் அப்படியே தடித்துச் சிவந்து, கொப்புளமாகி, நீர் வடிந்தது. அரிப்பினால் இரவில் தூக்கமே இல்லை.

பரிசோதித்த வைத்தியர் முதலில் கேட்டது, "மகள், இதற்கு முன்னரும் இந்தக் கறுப்பு மருதோன்றியைப் போட்டீங்களா?" என்றுதான்.

"நோன்புப் பெருநாளைக்கும் போட்டேன் டொக்டர். அப்போது ஒன்றும் செய்யவில்லையே" என்றேன்.

"அன்றுதான் இது ஆரம்பித்தது" என்றார் அவர். அந்தப் பதிலை விளங்கிக்கொள்ளத் தேடியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மருதோன்றி இலையில் லோசோன் என்னும் நிறப்பொருள் உண்டு. அது பல மணி நேரம் தோலில் ஊறி, முதலில் செம்மஞ்சளாகவும் ஓரிரு நாளில் கபிலச் சிவப்பாகவும் மாறும். இயற்கை மருதோன்றி ஒரு மணி நேரத்தில் மை போலக் கறுக்காது. அவ்வாறு கறுப்பதற்காகச் சிலர் பரா-பீனைலீன்டயமின் என்ற தலைச்சாய இரசாயனத்தைக் கலக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைச்சாயத்திலேயே இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தோலில் பூசுவதற்கு அனுமதியே இல்லை.

தொடுகைத் தோலழற்சி இரு வகைப்படும். சலவைத்தூள், வெளிற்றும் திரவம் போன்றவை தோலை நேரடியாக அரித்து உண்டாக்குவது ஒன்று. இது எவருக்கும் வரலாம். மற்றையது ஒவ்வாமையால் வருவது. இதில் முதல் தொடுகையின்போது வெளியே எதுவும் தெரியாமல் போகலாம். ஆனால் உடலின் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை அந்தப் பொருளை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அது தோலில் பட்டதும், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அக்கலங்கள் திரண்டு போரிடுகின்றன. அந்தப் போர்தான் என் கையில் கொப்புளமாக வெடித்தது. போலி நகைகளின் நிக்கலால் காதுமடல் புண்ணாவதும் இவ்வாறே.

சிகிச்சையின் முதற்படி, காரணமான பொருளை விலக்குவது. மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 15 நிமிடமளவில் நாளுக்குச் சில தடவை வைக்கலாம். கொப்புளத்தை உடைக்கவோ, தேசிக்காய், பற்பசை போன்றவற்றைப் பூசவோ கூடாது. ஸ்டீரொயிட் பூச்சு மருந்தை வைத்தியர் சொன்ன அளவிலும் சொன்ன நாட்களுக்கும் மட்டுமே பூசவேண்டும். முகம் அல்லது கண் வீங்கினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். மூச்சுத் திணறினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அறிய ஒட்டுப் பரிசோதனை உண்டு. சந்தேகப் பொருட்களைச் சிறு வில்லைகளாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்தின் பின் எடுத்துப் பார்ப்பார்கள். ஜோசப் யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் வைத்தியர் 1895இல் அறிமுகப்படுத்திய முறை இது.

என் புண் சில வாரங்களில் ஆறியது. ஆனால் அந்த நினைவு பொதுவாக ஆயுள் முழுவதும் நீடிக்கும் என்றார் வைத்தியர். நரை விழும் வயதிலும் நான் சாதாரண தலைச்சாயத்தைத் தொட முடியாது. ஒரு மணி நேர அவசரத்துக்கு நான் கொடுத்த விலை அது.

அன்புத் தோழியரே, பெருநாளுக்கு மருதோன்றி பூசுமுன் "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்று கேளுங்கள். "சீக்கிரம் கறுக்கும்" என்று பதில் வந்தால் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ராத்தாவின் கல்யாணம். வைத்தியரிடம் கேட்டுக்கொண்டோம், தூய மருதோன்றி ஒவ்வாமை தருவது மிக அரிது என்றார். உம்மம்மா வளவிலுள்ள மரத்தில் இலை பறித்து அம்மியில் அரைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சிவக்க ஓர் இரவாகும். காத்திருப்போம்.