மழையில் மிதிவண்டிப் பயணம்

ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு விடியுமுன் தொடங்குகின்றது. அதிகாலைக் குளிர்ச்சியில்தான் மரப்பட்டையினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தணிந்துவிடும். ஆகவே தொழிலாளர் இருளிலேயே புறப்பட்டு, பால் எடுத்து, நிறுவையில் ஒப்படைத்துவிட்டு, நண்பகலுக்குப் பின்னரே வீடு திரும்புகின்றனர். பேராக்கில் மழையும் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் வருகின்றது.

இதற்குக் காரணம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவக்காற்று திசை மாறும். அப்போது காற்றின் வேகம் குறைந்திருக்கும். காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, கிந்தா பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரிலும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரிலும் கார்முகிலாகத் திரண்டு, பிற்பகலில் இடியுடன் கொட்டும். ஈப்போ, கோப்பெங், கம்பார் வட்டாரத்தார் இதனை நன்கு அறிவர்.

மோட்டார் சைக்கிள் பெருகிவிட்ட இந்நாளிலும் மிதிவண்டியை நம்பியிருப்போர் உளர். அவர்கள் முதலில் அறிய வேண்டியது பிரேக்கின் தன்மையாகும். சாதாரண மிதிவண்டியின் பிரேக் என்பது ரப்பர்க் கட்டை, சக்கரத்தின் ரிம்மைப் பற்றிப் பிடிப்பதேயன்றி வேறில்லை. ரிம் நனைந்தால் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். கட்டை வழுக்கும், வண்டி நிற்கப் பல மடங்கு தூரம் வேண்டியிருக்கும். பழைய இரும்பு ரிம் வண்டிகளில் இக்குறை மிகுதி. கைப்பிடியை எவ்வளவு இறுக்கினாலும் முதல் சில சுற்றுகளுக்குப் பயனிராது. பின்னர் நீர் துடைக்கப்பட்டதும் பிரேக் திடீரெனக் கவ்வும். அப்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். ஆதலால் நிறுத்த வேண்டிய இடத்திற்கு வெகு முன்னரே பிரேக்கை இலேசாகத் தொட்டு, ரிம்மை உலர்த்திக்கொண்டு, பின்னர் சிறிது சிறிதாக அழுத்துதல் வேண்டும். இறக்கத்தில் இதனை மறப்பவர் இறக்கத்தின் அடியிலுள்ள கால்வாயில்தான் நிற்பார்.

இனி டயரைப் பார்ப்போம். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் நாற்றுகள் நடப்பட்டன. பதினோராண்டு கழித்து, 1888-இல், டன்லப் என்பார் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தாம் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். நம் தொழிலும் மிதிவண்டியும் கூடி வளர்ந்தவை எனலாம். மிதிவண்டி டயர் குறுகலானது. ஆகவே மோட்டார் காரைப்போல் நீரின்மேல் மிதந்து வழுக்குவதில்லை. வழுக்கச் செய்வன செம்மண் சேறு, நனைந்த இலைச் சருகு, சாலையின் வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, மழையின் முதல் சில நிமிடங்களில் தாரின்மேல் மிதக்கும் எண்ணெய்ப் பசை ஆகியவையே. இவற்றின்மேல் வண்டியைச் சாய்த்துத் திருப்புதல் கூடாது. சேற்றில் பிடிப்புக்காகச் சிலர் காற்றைச் சற்றுக் குறைப்பதுண்டு. பின்னால் பால்வாளி ஏற்றுவோர் அவ்வாறு செய்யலாகாது. பாரத்தில் டியூப் ரிம்மிடையே நசுங்கிக் கிழியும். 1941 டிசம்பரில் பேராக் வழியே தெற்கு நோக்கி வந்த ஜப்பானியச் சிப்பாய்கள், டயர் பழுதானபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டிச் சென்றனர். அவர்களை அதற்குத் தூண்டியது போர். நமக்கு அத்தகைய அவசரம் ஒன்றுமில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதே முறை.

வெள்ளம் பாதையை மூடியிருப்பின் ஓரத்துக் கால்வாய் கண்ணுக்குத் தெரியாது. அங்கும் இறங்கி, ஒரு கழியால் ஆழம் பார்த்து நடக்க வேண்டும். நீர் இழுத்தோடினால் காத்திருத்தலே நன்று.

ஒரு கையில் குடை, மறு கையில் கைப்பிடி என்று செல்லும் வழக்கத்தை நாம் சிறிதும் ஆதரிப்பதற்கில்லை. காற்று ஒருமுறை குடையைத் திருப்பினால் வண்டியும் லாரியின் பக்கம் திரும்பும். மழைச்சட்டை அணிக, அதன் ஓரம் சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்காதவாறு இடுப்பில் கட்டிக்கொள்க. வெளிர் நிறமாயின் ஓட்டுநர் கண்ணுக்கு எளிதில் தெரியும். டைனமோ விளக்கை மட்டும் நம்பற்க. டயர் நனைந்தால் அதன் உருளை வழுக்கி ஒளி மங்கும். வண்டி நின்றால் ஒளியும் நின்றுவிடும். பேட்டரி விளக்கு ஒன்றும் பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பானும் கட்டாயம் வேண்டும்.

ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும், ஆகவே டயர்மேல் இருப்பவரை மின்னல் தாக்காது என்று ரப்பரை நன்கறிந்த நம்மவரே கூறக் கேட்டிருக்கின்றோம். வானிலிருந்து பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்துகொண்டு வரும் மின்னலுக்கு ஒரு விரற்கடை ரப்பர் எம்மாத்திரம்? மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணுக. ஒலி மூன்று நொடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செல்லும். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் ஆபத்து எட்டும் தொலைவிலேயே உள்ளது. பால் ஸ்டோர், பள்ளி, வீடு போன்ற சுவர் வைத்த கட்டடத்துள் செல்க. தனிமரத்தடியும் திறந்த கொட்டகையும் காப்பாகா. கட்டடம் எதுவும் அருகில் இல்லையேல் வண்டியைவிட்டு விலகி, மரங்களில் சாயாமல், தாழ்ந்த இடத்தில் குந்தியிருக்கவும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பின்னரே புறப்படலாம்.

வீடு சேர்ந்ததும் வண்டியை அப்படியே சாத்திவிடாமல் நல்ல நீரில் சேற்றைக் கழுவி, துணியால் துடைத்து, சங்கிலிக்குச் சில சொட்டு எண்ணெய் விடுக. தையல் எந்திர எண்ணெயே போதுமானது. ரிம்மின்மேல் சிந்தினால் உடனே சவர்க்கார நீரால் கழுவிவிடவும். இல்லையேல் மறுநாள் வெயிலிலும் பிரேக் பிடிக்காது.