தலையால் பந்தை முட்டலாமா?

மாணவர்களே, பள்ளத்தூர்ச் செம்மண் திடலில் மாலைதோறும் கால்பந்து ஆடுபவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உயர்ந்து வரும் பந்தைத் துள்ளித் தலையால் முட்டிக் கோல் போடுபவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். ஆனால் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள சிறுவர்கள் இவ்வாறு முட்டக்கூடாது என 2015-இல் விதி வகுத்தது. 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அளவோடு முட்டலாம். 2020-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவையும் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து இதை நீக்கின. ஏன்? நீங்கள் படித்த உந்தமே விடை சொல்லும்.

பெரியவர்கள் ஆடும் பந்தின் நிறை 410 முதல் 450 கிராம். 430 கிராம் பந்து விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருகிறது. முட்டியதும் 10 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் திரும்புகிறது எனக் கொள்வோம். திசை மாறுவதால் இரு வேகங்களையும் கூட்ட வேண்டும் (இங்குதான் பலர் கழித்துவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள்!). உந்த மாற்றம் 0.43 × 25 = 10.75. தலையைப் பந்து தொட்டிருக்கும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு என்றால், சராசரி விசை 1,075 நியூட்டன். ஏறத்தாழ 110 கிலோ மூட்டையின் எடை, அந்தக் கண நேரம் நெற்றியில் அழுத்துகிறது.

தலையின் நிறை சுமார் நாலரைக் கிலோ. கழுத்து தளர்ந்திருந்தால் தலை மட்டுமே அவ்விசையைத் தாங்கும். முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 24 மடங்காகும். கழுத்துத் தசைகள் விறைத்திருந்தால் உடலும் தலையோடு சேர்ந்து கொள்கிறது. நிறை கூடினால் முடுக்கம் குறையும் அல்லவா? சிறுவர்களுக்கு இங்கேதான் சங்கடம். பத்து வயதில் தலை ஏறக்குறையப் பெரியவர் தலையளவு வளர்ந்துவிடுகிறது. கழுத்தோ இன்னும் மெலிந்தது.

மண்டையோட்டினுள் மூளை ஒரு திரவத்தில் மிதக்கிறது. பச்சை முட்டையைத் தட்டில் சுழற்றி, விரலால் ஒரு கணம் நிறுத்தி, உடனே விடுங்கள். அது மறுபடி சுழலும்! ஓடு நின்றாலும் உள்ளிருப்பது நிலைமத்தால் நிற்கவில்லை. தலை சட்டென்று திரும்பும்போது மூளையும் இவ்வாறே பின்தங்குவதால் அதன் மென்மையான இழைகள் இழுபடுகின்றன.

இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்ல் 2002-இல் தம் 59-ஆம் வயதில் இறந்தபோது, அது தொழிலால் வந்த நோயின் விளைவு என மரண விசாரணை முடிவு கூறியது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு (2019), முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைப்போல் மூன்றரை மடங்கு எனக் கண்டது. தலையால் முட்டியதே காரணம் என்று இந்த ஆய்வு மட்டும் நிறுவிவிடவில்லை. ஆயினும் ஆறாம் வகுப்புத் தம்பிகளை வரிசையில் நிறுத்தி ஐம்பது முறை முட்டச் சொல்லும் பயிற்சி வேண்டாம் என்பேன்.

ஐப்பசி மழையில் தோல் பந்து நீர் குடித்துக் கனக்கும்; அதை முட்டவே வேண்டாம். காற்றை அளவுக்கு மீறி அடைத்தால் தொடும் நேரம் குறைந்து விசை கூடும். முட்டிய பின் தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே வெளியேறி ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

சிறுவர்களுக்கான நான்காம் எண் பந்து 370 கிராம் எனக் கொண்டு, அதே வேகங்களுக்கும் நேரத்திற்கும் விசையைக் கணக்கிடுங்கள். 925 நியூட்டன் வர வேண்டும்.