மூன்று கால் நாய்க்கு ஒரு படுக்கை

தோட்டத்துல ஒரு நாய்க்குக் கால் போச்சுன்னா, "ஊசி போட்டு அனுப்பிடுங்க, பாவம் கஷ்டப்படும்" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். இரக்கத்தில் வரும் பேச்சுதான். ஆனால் மற்றபடி ஆரோக்கியமான நாய்களில் பெரும்பாலானவை, காலை எடுத்த ஓரிரு நாளிலேயே மூன்று காலில் எழுந்து நிற்கின்றன. கஷ்டம் அதற்குப் பிறகுதான். எழுந்து ஓடத் துடிக்கும் நாயை, தையல் ஆறும்வரை இரண்டு வாரம் ஓய்வாகப் படுக்க வைக்க வேண்டும்.

என் தாத்தா பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் அவருடைய கருப்பன் மாட்டிக்கொண்டது. கம்பி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துவிடும். அந்த நிலையில் காலை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும். பின்னங்கால் ஒன்று போனது. எனக்கு விடுமுறை ஒரு வாரம்தான். அதன் பிறகு வயதான மனிதர் ஒருவரே சமாளிக்கிற மாதிரி எல்லாம் இருக்க வேண்டும்.

நான் மெக்கானிக்கல் படிக்கிறேன், அதனால் எடைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். நாய் நிற்கும்போது உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களிலும் 40 சதவீதம் பின்னங்கால்களிலும் இறங்குகிறது. அதனால்தான் முன்னங்கால் போன நாய்க்குப் பாடு கொஞ்சம் அதிகம். மூன்று பாதங்களையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். உடலின் ஈர்ப்பு மையம் அதற்குள் இருக்கும்வரை நாய் விழாது. ஒரு பாதம் வழுக்கினால் தாங்கிப் பிடிக்க நாலாவது கால் கிடையாது.

ஆகவே படுக்கைக்கு முன்னால் தரையைப் பாருங்கள். நம் லயத்து வீடுகளின் சிவப்பு சிமெண்டுத் தரை, மெழுகிய பிறகு கண்ணாடி மாதிரி வழுக்கும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும், வாசல் வரைக்கும் ரப்பர் பாய் விரித்தோம். பழைய யோகா பாயும் போதும். உரச் சாக்கு வேண்டாம். வழுக்கும், ஒட்டியிருக்கும் உரம் தோலை அரிக்கும்.

படுக்கை தடிப்பாக, ஆனால் கெட்டியாக இருக்கட்டும். மெத்தென்று புதைந்தால் மூன்று காலால் எழ முடியாது. கட்டிலோ சோபாவோ கூடாது, குதித்தால் தையல் பிரியும். நாங்கள் பழைய மெத்தையின் ஸ்பாஞ்சை வெட்டி, துவைக்கிற உறை போட்டு, கூடத்தின் மூலையில் தரையிலேயே போட்டோம். இரண்டு பக்கம் சுவர், மற்ற பக்கம் நாற்காலிகள். திரும்பிப் படுக்க இடம் இருக்கும், ஓட இடம் இருக்காது. நாயை வீட்டுக்குள்ளே விடுவதா என்று கேட்பவர்களுக்கு: தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு விளக்கேற்றுகிறோம், அவர் வாகனத்துக்கு இரண்டு வாரம் ஒரு மூலை கொடுப்பது பெரிய விஷயமா?

வெளியே விடக்கூடாததற்கு இன்னொரு காரணம் ஈ. தோட்டத்தில் இதுதான் பெரிய எதிரி. புண்ணில் ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். கொசுவலை கட்டுங்கள், மின்விசிறி ஓடட்டும். மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதையும் தையல் மேல் பூசாதீர்கள். பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நக்காமல் இருக்க கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு வேண்டும்.

முதல் சில நாள் புண் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று வைக்கலாம். தானாகத் திரும்பாத நாயை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நெஞ்சு தரையில் படும்படி மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் புண் வரும். சிறுநீருக்குப் போக, வயிற்றுக்கு அடியில் குளிக்கிற துண்டைக் கொடுத்து இடுப்பைத் தூக்கிப் பிடித்தால் போதும். கயிறு கட்டி ஐந்து நிமிஷம், உடனே உள்ளே.

வலி இருந்தால் ஓய்வு கிடையாது. சத்தம் போடாததால் வலி இல்லை என்று நினைக்க வேண்டாம். வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது, நடுங்குவது, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பது எல்லாம் வலிதான். டாக்டர் கொடுத்த மருந்தை அழும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுங்கள். பெனடால், புரூஃபென் போன்ற நம் மாத்திரைகள் நாய்க்கு விஷமாகலாம். தாத்தாவுக்காக நாள்காட்டியில் வேளைக்கு ஒரு கட்டம் போட்டு வைத்தேன், கொடுத்ததும் கோடு போட வேண்டியதுதான்.

கொஞ்சம் வீக்கமும் நீலமும் இருக்கும், அது சகஜம். நாற்றம், சீழ், ரத்தம், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமை என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். பெரிய வசதி வேண்டுமென்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நோயுற்ற பிராணிக்குச் சிகிச்சை பார்ப்பது உரிமையாளரின் கடமை என்று நம் 2015 விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது.

தீபாவளி சமயமாக இருந்தால் வெடிச் சத்தத்துக்குப் பயந்து துள்ளும். ஜன்னலைச் சாத்தி, வானொலி போட்டு, யாராவது பக்கத்தில் இருங்கள்.

தையல் பிரிப்பது வழக்கமாக 10 முதல் 14 நாளில். அதற்குப் பிறகும் நடையை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். நகத்தை வெட்டி வையுங்கள், எடை ஏற விடாதீர்கள். நாலு கால் சுமந்ததை இனி மூன்று கால் ஆயுசுக்கும் சுமக்கணும். இதையும் தாத்தாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். "சரிப்பா" என்றவர், தோசையில் பாதியைப் பிய்த்து மூலைக்கு நீட்டினார்.