மெதுவாகப் போனால் எண்ணெய் எப்படி மிச்சமாகும்?

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் தேர்டு இன்ஜினியர். கார்பன் வெளியேற்றத்தைக் குறைப்பதற்காகக் கப்பலை மெதுவாக ஓட்டச் சொல்கிறார்களாம். மெதுவாகப் போனால் பயண நாள் கூடும், இன்ஜினும் கூடுதல் நாள் ஓடும். அப்புறம் எண்ணெய் எப்படி மிச்சமாகும்? புரொப்பெல்லரின் மூடியை மாற்றினாலே எண்ணெய் குறையும் என்று வேறு சொல்கிறான். நம்பலாமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இரண்டையும் நம்பலாம் அம்மா. முப்பது ஆண்டு இன்ஜின் ரூமில் இருந்தவன் சொல்கிறேன்.

கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்க இரண்டு மடங்கு சக்தி போதாது, ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். இறங்கும்போதும் இதே கணக்குதான். 14 நாட் வேகத்தில் நாளுக்கு 40 டன் எண்ணெய் குடிக்கும் கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து நாள் பயணத்துக்கு 400 டன். அதையே 12 நாட் வேகத்தில் ஓட்டினால் நாளுக்குச் சுமார் 25 டன்தான். பயணம் பன்னிரண்டு நாளை நெருங்கும், ஆனால் மொத்தச் செலவு 295 டன்னுக்குள் முடிந்துவிடும். கூடுதல் நாட்களில் ஜெனரேட்டர் குடிப்பதைக் கழித்தாலும் மிச்சம் பெரிது. கனரக எண்ணெய் ஒரு டன் எரிந்தால் 3.1 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எண்ணெயில் உள்ள கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் எடை அப்படி ஏறுகிறது. ஆக, இந்த ஒரு பயணத்தில் மட்டும் 300 டன்னுக்கு மேல் குறைகிறது.

உங்கள் மகனின் கப்பலில் இப்போது இந்தப் பேச்சு வந்ததற்குக் காரணம் உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிப்படி, 2023 முதல் 5,000 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கு, வெளியேற்றும் கார்பனைப் பொறுத்து ஆண்டுதோறும் ஏ முதல் இ வரை தரம் போடுகிறார்கள். உலகம் வெளியேற்றும் கார்பனில் கிட்டத்தட்ட 3 சதவீதம் கப்பல்களுடையது.

இனி மூடிக்கு வருகிறேன். புரொப்பெல்லர் சுழலும்போது அதன் நடுக்குமிழுக்குப் பின்னால் தண்ணீர் கயிறு போல முறுக்கிக்கொண்டு ஓடும். அந்த முறுக்கில் போகிற சக்தி கப்பலைத் தள்ளுவதில்லை, வீண். மூடியில் சின்னச் சின்னத் துடுப்புகளை வைத்தால் முறுக்கு கலைந்துவிடும். 1980களில் ஜப்பானில் வந்த யோசனை இது. 5 சதவீதம் வரை மிச்சம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். இரண்டு வந்தாலே எனக்குத் திருப்தி, ஏனென்றால் அது கப்பல் ஓடுகிற ஒவ்வொரு நாளும் வரும் இரண்டு.

மூடியைவிட முக்கியமானது புரொப்பெல்லரின் அளவு. கொஞ்சம் தண்ணீரை வேகமாக விரட்டுவதைவிட நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளுவதுதான் லாபம். அகலத் துடுப்பால் நிதானமாக வலிப்பவனுக்குக் கை அவ்வளவு சீக்கிரம் ஓயாது, அது போல. மெர்ஸ்க் நிறுவனத்தின் எம்மா மெர்ஸ்க் என்ற கப்பல் 2006இல் வந்தது, 25 நாட் வேகத்துக்காகக் கட்டப்பட்டது. அதே நிறுவனம் 2013இல் இறக்கிய டிரிபிள்-ஈ கப்பல்கள் அதைவிடப் பெரியவை, ஆனால் வேகம் குறைவு. அவற்றுக்கு இரண்டு புரொப்பெல்லர்கள், ஒவ்வொன்றும் 9.8 மீட்டர் விட்டம்.

எந்தப் புரொப்பெல்லரானாலும் சுத்தமாக இருக்க வேண்டும். டிரை டாக்கில் தண்ணீர் வடிந்ததும் கீழே இறங்கி பிளேடு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். பளபளவென்று இருக்க வேண்டிய வெண்கலம் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். வேர்ப்பக்கம் பார்னக்கிள் கொத்தாக ஒட்டியிருக்கும், நுனியில் நீர்க்குமிழி வெடித்து வெடித்துச் சொத்தைப்பல் போலக் குழி விழுந்திருக்கும். இரண்டு நாள் தேய்த்து மெருகேற்றிக் கடலுக்கு அனுப்பினால், அதே வேகத்துக்கு இன்ஜின் சுமை இறங்கியிருப்பதை மீட்டரிலேயே பார்க்கலாம். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாத இந்த வேலையைத் தள்ளிப்போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? காலக் குத்தகையில் ஓடும் கப்பலுக்கு எண்ணெய்ப் பணம் குத்தகைக்காரருடையது. மூடியும் டிரை டாக்கும் உரிமையாளர் செலவு. ஒருவர் செலவழிக்க வேண்டும், பலன் இன்னொருவருக்கு. மெதுவாக ஓட்டுவதற்கும் இப்படித் தடை உண்டு: பல துறைமுகங்களில் முதலில் வந்த கப்பலுக்கே முதல் இடம். ஒரு முறை நிலக்கரியோடு முழு வேகத்தில் ஓடிவந்து, துறைமுகத்துக்கு வெளியே ஒன்பது நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். இடம் காலியில்லை என்பது கிளம்பும்போதே தெரியும். ஓடிவந்த ஓட்டத்தில் எரித்த எண்ணெயை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இந்த ஒப்பந்தங்களைத் திருத்துவது, புது எரிபொருள் தேடுவதற்கு எந்த வகையிலும் குறைந்த வேலையில்லை.

மகன் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இன்ஜினை மிகக் குறைந்த சுமையில் நாள்கணக்கில் ஓட்டினால் டர்போசார்ஜரிலும் புகைவழியிலும் கரி படியும். இடையிடையே சுமையை ஏற்றி அதை ஊதித் தள்ள வேண்டும். அவனுக்கு இது தெரிந்திருக்கும். அடுத்த முறை பேசும்போது, புரொப்பெல்லரைக் கடைசியாகத் தேய்த்தது எப்போது என்று கேளுங்கள். தேதி கப்பலின் பதிவேட்டில் இருக்கும்.