இதயத்திற்குள் இருக்கும் கொழுப்பு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவன்)

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. நாம் உறங்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. இவ்வுழைப்புக்கு வேண்டிய ஆற்றலைத் தருபவை இதயத்தசைச் செல்லினுள் உள்ள மைட்டோகாண்டிரியாக்கள். அச்செல்லின் பருமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இவையே.

செல்லுக்கும் மைட்டோகாண்டிரியாவுக்கும் எல்லையாக அமைந்த சவ்வு, இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. புரதங்கள் அதில் பதிந்துள்ளன. பாவு இல்லாத தறியில் ஊடையும் சரிகையும் நிற்குமா? கொழுப்பு இல்லாத சவ்வில் புரதங்களின் நிலையும் அதுவே.

சவ்வுக் கொழுப்புகளில் பெரும்பாலானவை பாஸ்போலிப்பிடுகள். இவற்றில் பொதுவாக இரண்டு கொழுப்பு அமிலச் சங்கிலிகள் உண்டு. மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்விலோ நான்கு சங்கிலிகள் கொண்ட ஒரு தனி வகை இருக்கிறது. 1942-ல் மேரி பாங்பார்ன் என்னும் அமெரிக்க அம்மையார் இதனை மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். ஆகவே இதற்குக் கார்டியோலிப்பின் என்று பெயர். ஆற்றலை உண்டாக்கும் புரதங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது இதன் பணி. 1983-ல் விவரிக்கப்பட்ட பார்த் நோயில் இது செம்மையாக அமைவதில்லை. அதனால் ஆண் குழந்தைகளின் இதயத்தசை தளர்ந்துவிடுகிறது.

மனித இதயத்தில் இந்நான்கு சங்கிலிகளும் பெரும்பாலும் லினோலியிக் அமிலமே. இதை நம் உடலால் செய்துகொள்ள இயலாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். இத்தகைய கொழுப்பு அமிலங்கள் இன்றியமையாதவை என்பதை 1929, 1930 ஆண்டுகளில் பர் தம்பதியர் எலிகளைக் கொண்டு காட்டினர்.

என் பெரியப்பா தறி நெய்பவர். அவருக்கு நெஞ்சுவலி வந்தபின் எங்கள் வீட்டில் கொழுப்பு என்ற சொல்லே பகைச்சொல் ஆயிற்று. “எண்ணெயை அறவே நிறுத்திடலாமாப்பா?” என்று பெரியம்மா என்னைக் கேட்டார். குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிக்கு வந்தவன் என்பதால் என் சொல்லுக்கு அங்கே மதிப்பு அதிகம். ஆகவே பொறுப்பும் அதிகம். “டாக்டர் சொன்ன அளவுக்குக் குறைங்க, அறவே நிறுத்தாதீங்க” என்றேன்.

மிகுதியான கொழுப்பு இரத்தக் குழாயை அடைக்கத் துணைபோவது உண்மை. தேவையான கொழுப்பு இதயச் சவ்வுக்கு உறுப்பாவதும் உண்மை. திருமலையைச் சுற்றி விளையும் மணிலாக்கொட்டையிலும் எள்ளிலும் லினோலியிக் அமிலம் நிறைந்துள்ளது. உடலுக்கு அதில் சிறிதளவே போதும்.

நண்பர்களே, பாடநூலில் படிப்பதை நம் வீட்டார்க்குப் புரியும் சொற்களில் எடுத்துரைப்போம். நாம் பெறும் பட்டத்தின் முதற்பயன் அதுவே ஆகட்டும்!