கோபக்காரத் தம்பியும் சத்து மாத்திரையும்



“பையன் சொன்ன பேச்சே கேட்கறதில்ல, தொட்டதுக்கெல்லாம் கோபம், வகுப்புல சண்டை.” ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பெற்றோர் பலர் இப்படி வருத்தப்படுகிறார்கள். உடனே யாராவது ஒரு சத்து மாத்திரை டப்பாவை நீட்டுவார்கள்: “இதைக் கொடுங்க, ஒரே மாசத்துல மாறிடுவான்.” வாங்கலாமா, வேண்டாமா? இதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில், சாப்பாட்டுக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டா? சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் உண்ணாமல், தண்ணீர் மட்டும் குடித்து இருக்கச் சொல்கிறார். பிறகு வேதத்தைச் சொல்லச் சொன்னால், மகனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்டு வந்ததும் எல்லாம் வந்துவிடுகிறது. உணவின் நுண்ணிய பகுதிதான் மனமாகிறது என்று தந்தை விளக்குகிறார். வெறும் பேச்சாகச் சொல்லாமல், சோதனை செய்தே காட்டினார்.

நம் காலத்தில் இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி இளங்குற்றவாளிகள் சிறையில் 231 இளைஞர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு விட்டமின், தாது உப்பு, கொழுப்பு அமிலம் கொண்ட மாத்திரைகள். மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் சத்தில்லாத போலி மாத்திரைகள். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பொறியியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்துப் பார்ப்போமே, அதே முறைதான். பெர்னார்ட் கெஷ் குழுவினர் 2002-இல் முடிவை வெளியிட்டார்கள்: சத்து மாத்திரை எடுத்தவர்களின் விதிமீறல்கள் மற்றவர்களைவிட 26.3 விழுக்காடு குறைவு. பின்னர் நெதர்லாந்தில் 221 இளம் கைதிகளிடம் செய்த ஆய்விலும் சிறைச் சம்பவங்கள் குறைந்தன. ஆனால் கேள்வித்தாள் வைத்து அளந்த முரட்டுத்தனத்தில் தெளிவான மாற்றம் தெரியவில்லை.

அப்படியானால் டப்பா வாங்கிடலாமா? பொறுங்கள். அவர்கள் சிறையில் இருந்தவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. எய்ல்ஸ்பரியில் கொடுத்த விட்டமினும் அன்றாடத் தேவை அளவுதான். குறைந்த தொட்டியை நிரப்பினால் பலன் உண்டு. நிறைந்த தொட்டியில் ஊற்றினால் வழியும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, “எந்த மாத்திரை?” என்பதல்ல, “இவனுக்கு என்ன குறை?” என்பதே.

நம்ம பக்கம் பாருங்கள். தோட்டத்திலும் வறுமையும் இரத்தசோகையும் இருந்தன. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் வளர்க்க இடம் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபின், பல குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. அரசின் கூடுதல் உணவுத் திட்டமான ஆர்.எம்.டி. தொடக்கப்பள்ளிக்குரியது. படிவம் ஒன்றுக்குப் போனதும் அந்தச் சாப்பாடு இல்லை. காலையில் வெறும் தே ஓ குடித்துவிட்டுப் போகிற பையன் பதினொரு மணிக்கு எரிந்து விழுந்தால், அவனுக்கு “முரடன்” என்று பட்டம் கிடைக்கிறது. அந்தப் பட்டம் லேசில் போகாது.

என்ன செய்யலாம்?

1. இரும்புச் சத்து குறைந்தால் சோர்வும் எரிச்சலும் வரும், கவனம் சிதறும். அரசாங்க கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வேண்டாம். இரத்தசோகைக்குத் தலசீமியாவும் காரணமாக இருக்கலாம்.

2. முருங்கைக்கீரை, பருப்பு, கொண்டைக்கடலை, நெத்திலி கொடுங்கள். கூடவே கொய்யா அல்லது எலுமிச்சை இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அது தடைபடும். சைவப் பிள்ளைகளுக்குப் பி12 சத்துக்குப் பால், தயிர் அவசியம்.

3. மாத்திரை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், டப்பாவில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள்.

4. தூக்கமின்மை, பகடிவதை, வீட்டுச் சண்டை ஆகியவற்றுக்கு மாத்திரை கிடையாது. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள். முதலில் தம்பியிடமே பேசுங்கள்.

அடுத்த வகுப்புக்கு முன் ஒரு வேலை: உங்கள் வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை மூன்று நாள் காலையில் என்ன சாப்பிட்டார் என்று எழுதி வாருங்கள். பேசுவோம்.